மூணாறு மலையும் மின்சைக்கிளும்: ஏற்றம், இறக்கம், ஈரம்

போடிநாயக்கனூரைத் தாண்டி முந்தல் வந்ததும் மூணாறுச் சாலை மலையேறத் தொடங்குகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டைத் தொடும்போது ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் கூடியிருக்கும். 70 கிலோ எடையுள்ள ஒருவர், 25 கிலோ மின்சைக்கிளில், முதுகில் 5 கிலோ பையோடு இந்த மலையில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோவை 1,000 மீட்டர் தூக்க 272 வாட்-மணி ஆற்றல் வேண்டும். டயர் தரையில் உரசுவதால் போவதையும், மோட்டாரும் கன்ட்ரோலரும் சூடாகி வீணாக்குவதையும் சேர்த்தால் கணக்கு 400 வாட்-மணியைத் தாண்டும். நம் நாட்டில் பரவலாக விற்கும் மின்சைக்கிள்கள் பலவற்றின் பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி. அதாவது 360 வாட்-மணி. மிதிக்காமல் த்ராட்டிலை மட்டும் திருகிக்கொண்டு ஏறினால் மெட்டுக்கு முன்பே சார்ஜ் தீர்ந்துவிடும். பாதி உழைப்பைக் கால்கள் ஏற்றுக்கொண்டால் மேலே போய்ச் சேர்ந்த பிறகும் ஐந்தில் இரண்டு பங்கு மிஞ்சும்.

கடைக்காரர்கள் பேசுவதெல்லாம் இந்த ஏற்றத்தைப் பற்றித்தான். எத்தனை வாட், ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் என்றே பேச்சு போகும். ஆனால் மூணாறில் ஒரு மின் மலைச் சைக்கிளை வாங்கி இரண்டு மழைக்காலம் ஓட்ட நினைப்பவருக்கு அந்த எண்கள் பெரிதாக உதவுவதில்லை. இங்கே வண்டியின் ஆயுள் இறக்கத்திலும் ஈரத்திலும் கரைகிறது; பேட்டரியை இரவில் எங்கே வைக்கிறோம் என்பதில் வீட்டின் பாதுகாப்பே அடங்கியிருக்கிறது. வண்டி ஓடும் நிலம் யாருடையது, அந்த நிலத்தில் வேறு யார் நடக்கிறார்கள் என்ற கேள்வியும் இவற்றோடு சேர்ந்துகொள்கிறது. விற்பவரும் வாங்குபவரும் இவற்றைத் தொடாமலே பேரம் முடித்துவிடுகிறார்கள் என்பதே என் குறை.

மூணாறு நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டரில் இருக்கிறது. பக்கத்தில் ஆனைமுடி 2,695 மீட்டர். மேற்கே நேரியமங்கலம், அடிமாலி வழியாக ஏறும் சாலை மழைக்காட்டின் ஊடே வருகிறது. வடக்கே மறையூர், சின்னாறு பக்கம் இறங்கினால் மழைமறைவு நிலம். சின்னாற்றில் ஆண்டுக்கு 48 நாள் அளவில்தான் மழை என்பது வனத்துறை சொல்லும் கணக்கு. ஒரே நாளில் ஒரே வண்டி நனைந்த காட்டையும் முள்காட்டையும் பார்த்துவிடலாம். இரண்டுக்கும் நடுவே தேயிலைத் தோட்டங்கள் நூறாண்டுக்கு மேலாகப் போட்டு வைத்த கல் பாவிய எஸ்டேட் ரோடுகள், டிவிஷனுக்கு டிவிஷன் போகும் ஜீப் தடங்கள், கொழுந்து எடுக்கும் பெண்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதைகள். சுமையை மேலேற்றுவது இந்த மலையின் பழைய கவலை. 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள்; 1908-இல் அது சிறு ரயிலானது; 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் 1940-இல் மூணாறை ஒட்டிய பள்ளிவாசலில் ஓடத் தொடங்கியது. ஒரு மின்சைக்கிளை முழுக்கச் சார்ஜ் ஏற்ற அரை யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம் போதும் என்பதை இந்த மண்ணில் நின்று நினைக்கும்போது மனம் நிறைகிறது.

மலைச் சைக்கிள் கேரளத்துக்குப் புதிதில்லை. வயநாட்டில் மானந்தவாடி தேயிலைத் தோட்டத்தில் சர்வதேசப் போட்டிகள் நடந்திருக்கின்றன. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடியில் நடந்தது. மோட்டார் வைத்த மலைச் சைக்கிளுக்கென்று உலகச் சாம்பியன் பட்டம் 2019 முதல் வழங்கப்படுகிறது. நம் சந்தையில் ஹீரோ லெக்ட்ரோ, புனேயின் இமோட்டோராட் போன்ற நிறுவனங்கள் தடித்த டயரும் முன்பக்க சஸ்பென்ஷனும் வைத்து விற்கும் வண்டிகளைத்தான் பெரும்பாலோர் மலைச் சைக்கிள் என்று வாங்குகிறார்கள். பாஷ், ஷிமானோ மோட்டார் வைத்த வெளிநாட்டு வண்டிகள் லட்சங்களில் நிற்பவை. வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் ஊர் திரும்பும்போது அப்படி ஒன்றைக் கொண்டுவர ஆசைப்படுவது இயல்பு. ஆனால் பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணப்பெட்டியோடு அனுமதிப்பதில்லை. மலைச் சைக்கிள் பேட்டரியோ 500, 600 வாட்-மணி. வண்டி வந்துவிடும், உயிர் வராது.

எது சைக்கிள், எது மோட்டார் வண்டி

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் இதற்குத் தெளிவான கோடு போட்டிருக்கிறார்கள். மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருக்கவேண்டும். மிதித்தால் உதவும் வண்டி என்றால், வேகம் 25-ஐ நெருங்க நெருங்க மோட்டாரின் உதவி குறைந்து நின்றுவிட வேண்டும். மிதிப்பதை நிறுத்தினாலும் நிற்கவேண்டும். சரியான பிரேக்கும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு பிரதிபலிப்பானும் வேண்டும். இவற்றை ஏ.ஆர்.ஏ.ஐ., ஐகேட் போன்ற சோதனை அமைப்பு ஒன்று சரிபார்த்துச் சான்று தந்திருந்தால் அது மோட்டார் வாகனம் ஆகாது. பதிவும் லைசன்சும் கட்டாயக் காப்பீடும் தேவையில்லை. ஐரோப்பாவின் 250 வாட், 25 கிலோமீட்டர் வரையறையும் இதே அளவுதான். அமெரிக்காவில் 750 வாட் வரை விட்டிருக்கிறார்கள்.

முப்பது நிமிடத் திறன் என்ற வார்த்தையைக் கவனிக்கவேண்டும். அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய அளவு அது. செங்குத்தான ஒரு மேட்டில் சில நொடிகளுக்கு அதே மோட்டார் இரண்டு மடங்குக்கு மேல் தள்ளலாம். அதில் சட்ட மீறல் இல்லை. பலர் செய்யும் மீறல் வேறு. டிஸ்ப்ளேயின் அமைப்புகளுக்குள் போய் வேக வரம்பைத் திறந்துவிட்டு 35, 40-இல் பறப்பது இளைஞர்களிடம் ஒரு பெருமையாகிவிட்டது. அப்படித் திறந்த நொடியில் அந்த வண்டி சட்டத்தின் பார்வையில் பதிவெண் இல்லாத, காப்பீடு இல்லாத மோட்டார் வாகனம். மாட்டுப்பட்டி ரோட்டில் நடந்து போகும் ஒருவர் மேல் மோதினால் இழப்பீட்டை ஓட்டியவரே தன் கையிலிருந்து கட்டவேண்டி வரும். அதோடு, 25-க்கு மேல் எதிர்க்காற்று மோட்டாரின் உழைப்பைத் தின்றுவிடுகிறது. பேட்டரி பாதித் தூரத்தில் படுத்துவிடும்.

மோட்டார் எங்கே இருக்கிறது என்பது வாங்குமுன் பார்க்கவேண்டிய அடுத்த விஷயம். உள்ளூர் வண்டிகளில் பெரும்பாலும் பின்சக்கரத்தின் நடுவே ஹப் மோட்டார். அதற்குச் சைக்கிள் கியரின் உதவி கிடையாது. சக்கரம் மெதுவாகச் சுற்றும் செங்குத்து ஏற்றத்தில் மின்சாரத்தில் பெரும்பங்கு வெப்பமாகிவிடும். கொளுக்குமலைக்கு ஜீப் ஏறும் தடம் போன்ற இடத்தில் நடைவேகத்தில் அரை மணி திணறினால் மோட்டாருக்குள் சூடு ஏறி, கன்ட்ரோலர் உதவியைக் குறைத்துவிடும்; மலிவான வண்டியில் அந்தப் பாதுகாப்பும் இருக்காது, சுருள் கருகும். பெடல் அச்சில் இருக்கும் மிட் டிரைவ் மோட்டார் கியர் வழியாக இழுப்பதால் இந்தத் தொல்லை இல்லை. பதிலுக்கு அது செயினையும் பின்பக்கப் பல்சக்கரங்களையும் வேகமாகத் தேய்த்துவிடும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு வழி உண்டு: மேடு வருவதற்கு முன்பே சிறிய கியருக்கு இறங்கி, காலை வேகமாகச் சுற்றுவது. ஏறும்போது கியர் மாற்ற நேர்ந்தால் அந்த நொடி மிதியைத் தளர்த்தவேண்டும்.

உணர்கருவியும் முக்கியம். விலை குறைந்த வண்டிகளில் பெடல் சுற்றுகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் வகை இருக்கும். அது சற்றுத் தாமதமாக உதவத் தொடங்கி, மிதியை நிறுத்திய பின்னும் ஒரு கணம் தள்ளிக்கொண்டே இருக்கும். சமவெளியில் அதனால் கெடுதல் இல்லை. கேப் ரோட்டின் ஒரு வளைவில், ஒரு பக்கம் பள்ளமும் எதிரே சுற்றுலா வேனும் இருக்கும்போது அந்த ஒரு கணம் மிகப் பெரியது. மிதிக்கும் அழுத்தத்தை அளக்கும் டார்க் சென்சார் உள்ள வண்டிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது மலையில் நியாயமான செலவு என்பேன்.

இறங்கும்போது

மேலே ஏற்றிய அதே 272 வாட்-மணி, கீழே இறங்கும்போது எங்காவது போயாகவேண்டும். மின்காரில் அதில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்பும். உள்ளுக்குள் தனிக் கியர் வைத்த ஹப் மோட்டாரிலும் மிட் டிரைவிலும் அது நடக்காது; சக்கரம் மோட்டாரை விட்டு விலகித் தானாக உருளும்படிதான் அமைத்திருக்கிறார்கள். கொஞ்சத்தைக் காற்று எடுத்துக்கொள்ளும். நிதானமாக இறங்குபவருக்குப் பாதிக்கு மேல் பிரேக்கில் வெப்பமாகிறது. செங்குத்தான எஸ்டேட் தடத்தில் ஏறக்குறைய முழுவதும். சாதாரண மலைச் சைக்கிள் 13, 14 கிலோ. மின்வண்டி அதைவிடப் பத்துக் கிலோ அதிகம். ஆனால் விற்கப்படும் பல வண்டிகளில் அதே 160 மில்லிமீட்டர் தட்டும், கம்பி இழுக்கும் மெக்கானிக்கல் டிஸ்க் பிரேக்கும்தான் இருக்கின்றன. மோட்டாருக்குச் செலவழித்துவிட்டு பிரேக்கில் மிச்சம் பிடிப்பது மலைநாட்டு வாடிக்கையாளருக்குச் செய்யும் அநீதி.

முன்சக்கரத்தில் 180 மில்லிமீட்டர் தட்டும் ஹைட்ராலிக் பிரேக்கும் போட்டுக்கொள்வது மூணாறுக்காரர் செய்யவேண்டிய முதல் மாற்றம். போடுமுன் முன்கவையில் அனுமதித்த அதிகபட்ச அளவைப் பார்க்கவேண்டும். பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. மின்சைக்கிளின் பிரேக் பிடியில் மோட்டாரை நிறுத்தும் சிறிய சுவிட்ச் இருக்கும். சாதாரண ஹைட்ராலிக் பிடியை மாட்டினால் அந்தச் சுவிட்ச் போய்விடும். பிரேக் பிடிக்கும்போதே மோட்டார் தள்ளும். பிடியோடு ஒட்டிக்கொள்ளும் தனி சென்சார் கிடைக்கிறது, அதைச் சேர்த்தே போடவேண்டும்.

பிரேக் பேடில் ரெசின் வகை, உலோக வகை என இரண்டு. ரெசின் பேட் மென்மையாகப் பிடிக்கும், சத்தம் போடாது. ஆனால் ஜூலை மழையில் சேறும் மணலும் சேர்ந்து அரைத்தால் ஒரே நீண்ட இறக்கத்தில் தேய்ந்து இரும்புத் தகடு வெளியே தெரிய வாய்ப்புண்டு. உலோகப் பேட் கூடுதல் நாள் உழைக்கும், சூட்டையும் தாங்கும். எல்லாத் தட்டும் அதற்கு ஏற்றதல்ல. ரெசின் பேட் மட்டும் போடவேண்டும் என்று சில தட்டுகளிலேயே அச்சடித்திருப்பார்கள். பிரேக் எண்ணெயிலும் மினரல் ஆயில், டாட் திரவம் என்று இரண்டு உண்டு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டு பிரேக் செத்துவிடும். பைக் ஒர்க் ஷாப்பில் கைக்குக் கிடைத்ததை ஊற்ற விடக்கூடாது. ஓட்டும் முறையிலும் ஒழுங்கு வேண்டும்: பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே பல கிலோமீட்டர் இறங்காமல், வளைவுக்கு முன் இரண்டையும் உறுதியாகப் பிடித்து, பிறகு விட்டு, தட்டு ஆற இடம் கொடுக்கவேண்டும். நின்று, தட்டைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட வேண்டாம், கை வெந்துவிடும்.

ஈரம்

ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. அக்டோபர், நவம்பரில் துலாமழை இடியோடு வரும். டிசம்பரில் மழை நின்றாலும் மூடுபனி வண்டியை நனைத்து வைத்திருக்கும். இந்தியச் சந்தையில் உள்ள வண்டிகள் பலவற்றுக்கு ஐபிஎக்ஸ்4 என்ற தரம் தருகிறார்கள். எல்லாப் பக்கத்திலிருந்தும் தெளிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்பதே அதன் பொருள். பீய்ச்சி அடிக்கும் தண்ணீரையோ, முழுகுவதையோ அது தாங்காது. சேறு படிந்த வண்டியை வாட்டர் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோய் அழுத்தக் குழாயில் அடிக்கச் சொல்வதைப்போல் மின்சைக்கிளுக்குக் கெடுதல் வேறில்லை. மோட்டார் அச்சு, பெடல் அச்சு, தலைப்பகுதி பேரிங் என்று எல்லாவற்றிலும் கிரீஸை விரட்டிவிட்டுத் தண்ணீர் குடியேறும். ஜீப்பின் பின்னால் கட்டி மழையில் கொண்டுபோவதும் ஏறத்தாழ இதே வேலையைச் செய்கிறது. கட்டுமுன் பேட்டரியைக் கழற்றி உள்ளே வைத்து, பேட்டரி அமரும் இடத்தின் பித்தளை முனைகளையும் டிஸ்ப்ளேயையும் பிளாஸ்டிக் உறையால் மூடிக் கட்டவேண்டும்.

ஹப் மோட்டாரில் தண்ணீர் பெரும்பாலும் நுழைவது மின்கம்பி உள்ளே போகும் துளை வழியாகத்தான். கம்பி மேலிருந்து நேராக அச்சுக்குள் போனால் மழைநீர் அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கும். கம்பியை அச்சுக்குக் கீழே சற்றுத் தொங்கவிட்டு, பிறகு மேலேறிச் செல்லும்படி வளைத்துக் கட்டினால் துளி அடியிலேயே சொட்டிவிடும். காசு செலவில்லாத வேலை இது. பல வண்டிகளை வருடக்கணக்கில் காப்பாற்றும். இணைப்பிகளைக் கழற்றி, உலரவைத்து, மின்காப்புக் கிரீஸ் லேசாகத் தடவி, அம்புக்குறி அம்புக்குறியோடு சேரும்படி நேராகச் செருகவேண்டும். திருகிச் செருகினால் உள்ளிருக்கும் மெல்லிய ஊசிகள் வளையும்.

நனைந்து வந்த வண்டியைச் சமையலறைப் பக்கம் சூடாக இருக்கிறதே என்று நிறுத்துவது வழக்கம். குளிர்ந்த உலோகத்தின் மேல் சமையல் ஆவி படிந்து உள்ளுக்குள்ளேயே வியர்க்கும். காற்றோடும் வராந்தாவில், துணியால் துடைத்து, பேட்டரியைக் கழற்றி வைப்பதே நல்லது. தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடினாலும் ஈரம் உள்ளே சிறைப்பட்டுத் துரு பிடிக்கும், அடியில் திறந்திருக்கட்டும். செயினைத் துடைத்து, மழைக்காலத்துக்கான தடித்த எண்ணெயை ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடவேண்டும். ஸ்பிரே எண்ணெய் அடித்தால் பிரேக் தட்டில் பட்டு, இறங்கும்போதுதான் தெரியவரும். செயின் நீண்டுவிட்டதா என்று பார்க்கும் சிறு அளவுகோல் மலிவு. நேரத்துக்குச் செயினை மாற்றினால் பல்சக்கரங்கள் பிழைக்கும். ஹப் மோட்டார் சக்கரத்தின் கம்பிகளையும் மாதம் ஒருமுறை விரலால் தட்டிப் பார்க்கவேண்டும். தளர்ந்த ஒன்று உடைந்தால் பக்கத்துக் கம்பிகளும் வரிசையாக உடையும். நல்ல சைக்கிள் கடைக்குக் கொச்சி 130 கிலோமீட்டர், கோயம்புத்தூர் அதைவிடத் தூரம். அதனால் கியர் தொங்கும் கொக்கி, இரண்டு ஜோடி பேட், செயின் இணைப்புக் கண்ணி, இரண்டு கம்பிகள் வீட்டில் இருந்தாகவேண்டும்.

பேட்டரி வைக்கும் இடம்

2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். நியூயார்க் நகரில் 2023-இல் மட்டும் லித்தியம் பேட்டரித் தீயில் 18 பேர் இறந்தார்கள். அந்நகரம் சான்று பெறாத மின்சைக்கிள் விற்பனையைத் தடை செய்தது. இந்தியாவில் 2022-இன் தொடர் விபத்துகளுக்குப் பிறகு ஏஐஎஸ்-156 என்ற பேட்டரித் தரத்தைக் கடுமையாக்கினார்கள். அது மோட்டார் வாகனங்களுக்கானது. 250 வாட்டுக்குக் கீழ் வரும் சைக்கிள் மோட்டார் வாகனமல்ல என்பதால் பதிவும் லைசன்சும் மிச்சமாகின்றன. பேட்டரிப் பாதுகாப்பு விஷயத்தில் அதே சலுகை வாங்குபவர் தலையில் பொறுப்பாக விழுகிறது. பிஐஎஸ் எண்ணும் தயாரிப்பாளர் பெயரும் இல்லாத பேட்டரியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது.

மூணாறில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை. எஸ்டேட் லயங்களில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையும் சமையலறையும். ஒட்டி ஒட்டி வீடுகள். பல வீடுகளில் போக வர முன்வாசல் ஒன்றுதான். வண்டியை வாசலை ஒட்டி நிறுத்தி, இரவெல்லாம் சார்ஜில் விட்டுத் தூங்கினால், தீப்பிடிக்கும் பொருள் வெளியேறும் ஒரே வழியில் நிற்கிறது. லித்தியம் பேட்டரி எரியும்போது சில நிமிடங்களில் அறை நச்சுப் புகையால் நிறையும். பேட்டரியை வண்டியிலிருந்து கழற்றி, வெளி வராந்தாவில் மழை படாத இடத்தில், சிமெண்ட் தரையில், விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் ஏற்றுவது ஒன்றே சரியான பழக்கம். இந்த லயங்களில் வாழும் தோட்டத் தொழிலாளியின் நாள்கூலி 232 ரூபாயாக இருந்ததை எதிர்த்து 2015-இல் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் இம்மலையின் பெண்கள் சாலைக்கு வந்தார்கள். 301 ரூபாய் வரை உயர்ந்தது. 30,000, 40,000 ரூபாய் கொடுத்து ஒரு பிள்ளை மின்சைக்கிள் வாங்குகிறான் என்றால் அதன் பின்னால் எத்தனை நாள் கொழுந்து இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். லயங்களின் ஓரத்தில் கூரை போட்ட, பூட்டுள்ள ஒரு பொதுச் சார்ஜ் இடம் அமைத்துத் தருவது நிர்வாகத்துக்கும் பஞ்சாயத்துக்கும் பெரிய செலவில்லை. அதை வலியுறுத்திக் கேட்கவேண்டும்.

குளிரைப் பற்றி வெயில் நாட்டுக் கையேடுகள் அதிகம் சொல்வதில்லை. ஜனவரியில் செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கங்களில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போய்ப் புல்மேல் உறைபனி படிகிறது. லித்தியம் பேட்டரியைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படியும். கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும், பின்னாளில் உள்ளேயே ஷார்ட் ஆகவும் வழிவகுக்கும். குளிரில் வண்டியை ஓட்டலாம், தூரம் மட்டும் குறையும். சார்ஜ் ஏற்றுவதுதான் கூடாது. விடியற்காலையில் வெளியே கிடந்த பேட்டரியை அறைக்குள் கொண்டுவந்து ஓரிரு மணி நேரம் குளிர் விடவிட்ட பிறகே சார்ஜரைச் செருகவேண்டும். அதேபோல மறையூர் வெயிலில் ஏறி வந்த சூட்டோடும் செருகக்கூடாது.

மழைக்காலத்தில் வண்டியை மூலையில் போட்டுவிடுவோர் பேட்டரியைப் பாதி சார்ஜில் வைத்து மாதம் ஒருமுறை பார்க்கவேண்டும். முழுக்க நிரப்பி வைத்தால் செல் மூப்படையும். முழுக்கத் தீர்த்து வைத்தால் மெல்ல வடிந்து, திரும்ப எழுப்ப முடியாத அளவுக்குக் கீழே போய்விடும். கோடை மழையிலும் துலாமழையிலும் இடுக்கியில் இடி மின்னல் கடுமை. வானம் இருண்டால் சார்ஜரைப் பிளக்கிலிருந்தே பிடுங்கிவிடவேண்டும், சுவிட்சை அணைப்பது போதாது. கீழே விழுந்து அடிபட்ட பேட்டரி, உப்பிய பேட்டரி, சார்ஜ் ஏறும்போது வழக்கத்துக்கு மேல் சுடும் பேட்டரி எதையும் வீட்டுக்குள் வைக்கக்கூடாது.

திருட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பேட்டரிதான் விலையுயர்ந்த பொருள். ஹோம்ஸ்டே வாசலிலும் பஜாரிலும் அதைக் கழற்றி எடுத்துப் போவது பாதித் திருட்டைத் தடுக்கும். சட்டகத்தின் எண்ணையும் பேட்டரியின் எண்ணையும் படம் எடுத்து வைத்தால் போலீஸில் புகார் தரவும் காப்பீடு கேட்கவும் உதவும். சைக்கிளுக்குக் கட்டாயக் காப்பீடு இல்லை. விருப்பக் காப்பீடு எடுப்பவர்கள், வாடகைக்கு விட்டால் செல்லுமா, வெள்ளச் சேதம் அடங்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்கவேண்டும்.

காட்டின் ஓரம்

மூணாறைச் சுற்றி இரவிகுளம், ஆனைமுடிச்சோலை, பாம்பாடும்சோலை, மதிகெட்டான்சோலை என்று தேசியப் பூங்காக்கள். சின்னாறும் குறிஞ்சிமலையும் சரணாலயங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றுக்குள் அனுமதியின்றி நுழைய முடியாது. புகையில்லாத வண்டி என்பதால் விலக்கு ஒன்றும் கிடையாது. தேயிலைக்குள் ஓடும் தடங்கள் பொதுவழி என்று நினைப்பதும் தவறு. டாட்டா டீயிடமிருந்து 2005-இல் பொறுப்பேற்ற கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் கம்பெனியின் தோட்டங்கள் பெரும்பரப்பு. அங்கே எஸ்டேட் ஆபீஸில் கேட்டுவிட்டுப் போகவேண்டும். டாப் ஸ்டேஷனிலிருந்தும் கொளுக்குமலையிலிருந்தும் குரங்கணிக்கு இறங்கும் பாதைகள் மலைச் சைக்கிள்காரர்களை இழுப்பவை. 2018 மார்ச் 11 அன்று கொளுக்குமலைக்கும் குரங்கணிக்கும் நடுவே மூண்ட காட்டுத்தீயில் மலையேற வந்தவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுத்தது. அந்தச் சரிவில் தமிழக வனத்துறையின் அனுமதி இல்லாமல் சக்கரம் வைக்க யாருக்கும் உரிமையில்லை.

மின்சைக்கிள் மண்ணைக் கெடுக்குமா? 2015-இல் அமெரிக்காவின் ஓரிகன் காட்டில் செய்த ஓர் ஆய்வு, மிதித்தால் மட்டும் உதவும் மின்வண்டி மண்ணைப் பெயர்க்கும் அளவு சாதாரண மலைச் சைக்கிளை ஒட்டியே இருந்தது என்றும், மோட்டார்சைக்கிளே பெரும் சேதம் செய்தது என்றும் கண்டது. ஆனால் அது சைக்கிளுக்கென்றே அமைத்த தடம். தேயிலைச் சரிவில் உள்ள ஒற்றையடிப் பாதை வேறு. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண்சரிந்து 70 உயிர் போன மலை இது. மழையில் ஊறிய சரிவில் புதுத் தடம் வெட்டுவதும், பழைய பாதையைச் சக்கரத்தால் வாய்க்காலாக்குவதும் ஜூன் முதல் செப்டம்பர் வரை முற்றாக நிற்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பாதைகள் ஒருவருடைய வேலையிடமும்கூட. தலையில் கொழுந்து மூட்டையோடு இறங்கும் பெண்ணுக்குப் பின்னாலிருந்து ஓசையில்லாமல் வரும் 25 கிலோ வண்டி காதில் விழாது. மணியடித்து, நின்று, வழிவிட்டுப் போகவேண்டும்.

அதே ஓசையின்மை யானையிடம் உயிராபத்து. ரஜினி படத்தின் பெயரைத் தாங்கிய படையப்பா என்ற கொம்பன் மூணாறு ரோடுகளில் நின்று வண்டிகளை மறிப்பது ஊரறிந்தது. சின்னக்கானலில் அரிசிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அது கம்பத்துக்கு வந்து, மறுபடி பிடிபட்டு, களக்காடு முண்டந்துறைக்குப் போனது. ஆனால் ஆனையிறங்கல், சின்னக்கானல் யானை நிலமாகவே இருக்கிறது. 2016-இல் அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்கா அருகே மலைச் சைக்கிளில் வேகமாக வந்தவர் வளைவில் கிரிஸ்லி கரடிமேல் மோதி, அது தாக்கி இறந்தார். விலங்குக்கு விலக நேரமே கிடைக்கவில்லை. ஏற்றத்தில் வேர்த்து மெதுவாக ஏறும் சாதாரண சைக்கிள்காரருக்குச் சாணமும் ஒடிந்த கிளையும் கண்ணில் படும். மோட்டார் தள்ளும்போது மேட்டிலும் அந்த நிதானம் போய்விடுகிறது. மாலை ஐந்துக்குப் பிறகும் விடியலுக்கு முன்பும் அந்தப் பக்கம் ஓட்டாமலிருப்பதும், கண்மறைவான வளைவில் உதவியைக் குறைத்து மணியடித்துப் போவதும், யானையைக் கண்டால் திரும்பிவிடுவதும் ஊர்க்காரர்கள் பின்பற்றும் முறை. 25-இல் கட்டுப்பட்ட வண்டி யானையை முந்தாது.

கடைசியாக, கிழடான பேட்டரி. 500 முதல் 800 முறை சார்ஜ் ஆன பிறகு கொள்ளளவு முக்கால் பங்குக்கு வரும். மலையில் அதைத் தினமும் ஓட்டுபவருக்கு அந்த நிலை சில ஆண்டுகளிலேயே வந்துவிடும். அப்போது உள்ளூரில் செல் மாற்றித் தருகிறேன் என்று மலிவாகக் கேட்பவர்கள் வருவார்கள். ஒரே தன்மையுள்ள செல்களைத் தேர்ந்து, ஸ்பாட் வெல்டிங் செய்து, காவல் சர்க்யூட்டைச் சரிபார்க்கத் தெரியாத கையில் அது லயத்து வராந்தாவில் வெடிக்கும் பொருளாகிவிடும். பழைய பேட்டரியை ஆக்கர் கடையில் எடைக்குப் போடுவதும் கூடாது. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி தயாரித்தவரும் இறக்குமதி செய்தவரும் பயன்படுத்திய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கக் கடமைப்பட்டவர்கள். வண்டி வாங்கும் அன்றே, பணம் கொடுக்குமுன், பழைய பேட்டரியை எந்த ஊரில், யாரிடம் ஒப்படைப்பது, புதிய பேட்டரிக்கு அப்போது என்ன விலை என்று கடைக்காரரிடம் கேட்டுப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.